ஆகாயம் தெரிகிற பந்தல்

புரட்டாசி, ஐப்பசி வந்தால் நான் வேலை செய்த துபாய் வீட்டில் பண்டிகைக்கு மேல் பண்டிகை. முதலில் அவர்களின் புது வருடம். ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிடுவார்கள். பத்தாம் நாள் பெரியவர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதமிருப்பார்கள். அது முடிந்து ஐந்தாம் நாள் கூடாரப் பண்டிகை. வெளியே ஓலைப் பந்தல் போட்டு, ஒரு வாரம் அதற்குள் இருந்து சாப்பிட வேண்டும். யூதர் வீட்டில் வேலை என்றதும் தெரிந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். எனக்கு அங்கே எதுவும் புதிதாகத் தெரியவில்லை. இறைச்சிக்கு ஒரு சட்டி, பாலுக்கு ஒரு சட்டி என்று மேடம் விளக்கத் தொடங்கியபோது சிரிப்புத்தான் வந்தது. மச்சச் சட்டியையும் சைவச் சட்டியையும் ஒன்றோடொன்று முட்டவிடாத யாழ்ப்பாணத்தவளுக்கா இதைச் சொல்லித் தர வேண்டும்?

அந்த வீட்டில் என் மூன்றாவது வருடம், கூடாரப் பண்டிகை வந்த நேரம் மேடம் ஆறு மாதக் கர்ப்பிணி. படுக்கையை விட்டு எழும்பவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேல்மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். அவருடைய கணவரை சேர் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குக் கப்பல் சரக்கு வேலை, அலுவலகம் ஜெபல் அலித் துறைமுகத்தில். அவசரமென்று ஓமானில் உள்ள சோஹாருக்குப் போனவர், அங்கே சரக்கு ஏதோ தடைப்பட்டு மாட்டிக்கொண்டார். பொழுதுபட்டுப் பண்டிகை தொடங்கிவிட்டால் அவர்கள் வாகனத்தில் ஏறமாட்டார்கள். பொழுதுபடுவதற்குள் வீடு வந்து சேர வேண்டும், இல்லையென்றால் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். பண்டிகை தொடங்கும் அன்று காலையில், வர முடியாது என்று போன் வந்தது.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவளுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. அவர்கள் மொழியிலும் தகப்பன் அப்பாதான். "அப்பா இல்லை, அப்படியென்றால் இந்த முறை பந்தலும் இல்லை," என்று சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அழவில்லை.

ஊரில் எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். என் அக்கா வளர்க்கிறாள். முந்தி வேலை செய்த வீட்டையும் சேர்த்து, ஐந்து பொங்கல் அவளுக்கு நான் இல்லாமல் போயிற்று. பெற்றவள் பக்கத்தில் இல்லாத பிள்ளைக்கு என்ன பண்டிகை என்று ஒவ்வொரு தையிலும் வெந்தவள் நான். இந்த வீட்டில் அது நடக்கக் கூடாது. பந்தல் போட்டே தீருவேன் என்று, பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்ட கையோடு முடிவெடுத்தேன்.

இரும்புக் குழாய்களும் நான்கு பக்கத்துக்கும் கட்டும் துணிகளும் வீட்டு ஸ்டோர் அறையில் கிடந்தன. கூரைக்கு ஓலைதான் வேண்டும். தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்த கீழக்கரைக்காரரிடம் ஓடினேன். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நானும் அப்படித்தான் அவரைக் கூப்பிடுவேன்.

"காக்கா, பந்தலுக்குப் பேரீச்சை மட்டை வேணும். இண்டைக்கே வேணும்."

"என்ன தங்கச்சி, வீட்டுல கல்யாணமா?"

"இல்லை, யூத ஆக்களின்ர பெருநாள். பிள்ளையளின்ர தகப்பன் வரேலாமல் நிக்கிறார்."

"யாரு பெருநாளா இருந்தா என்ன, புள்ளைக இருக்குற வீடு," என்றார். "கடைக்குப் பின்னாடி நேத்துதான் மரத்தைக் கழிச்சுப் போட்டாங்க. வண்டியில நானே கொண்டாறேன்."

ஓலை வந்தது. எங்கே போடுவது? ஐப்பசி என்றாலும் துபாய் வெயில் துபாய் வெயில்தான். சேருடைய கார் போய்விட்டதால் கார் ஷெட் வெறுமையாக நின்றது. மேலே நல்ல தகரக் கூரை, கீழே சீமெந்துத் தரை. புத்தியுள்ள எவளும் அங்கேதான் போடுவாள். குழாய்களைப் பொருத்தி, துணியைக் கட்டி, ஓலையை நெருக்கமாக அடுக்கி நைலோன் கயிற்றால் இறுக்கினேன். போன வருடம் தம்பி வெட்டிய கடதாசி மாதுளம்பழங்களையும் தொங்கவிட்டேன். கை முழுக்க முள் கீறல், ஆனால் மனம் குளிர்ந்து போயிருந்தது. என்னை அடிக்க ஆளில்லை என்று நினைத்தேன்.

இரண்டரைக்கு பஸ் வந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். உள்ளே போன மூத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் அப்படியே விழுந்தது.

"அன்ரி, இது சரிவராது. மேலே ஆகாயம் இருக்கவேணும்."

கூரைக்கு மேல் கூரை இருந்தால் இன்னும் நல்லதுதானே என்றேன். இல்லை, வேறு கூரைக்குக் கீழே போட்டால் அது பந்தலே இல்லை, ஓலை இடுக்கால் நட்சத்திரம் தெரிய வேண்டும் என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை சொல்வதை எப்படி நம்புவது? மேலே போய் மேடத்திடம் கேட்டேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்போடேயே அழுதார்.

"பரவாயில்லை, விடு. உள்ளே மேசையில் சாப்பிடட்டும்," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. மேடத்தின் மேலில்லை, என் மேல். கேட்டுச் செய்திருக்கலாம். எல்லாம் தெரிந்தவள் என்ற நினைப்பு எனக்கு. முழங்கையில் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டு கீழே வந்தேன். பொழுதுபட்டால் அவர்கள் ஆணிகூட அடிக்கமாட்டார்கள், யாரையும் அடிக்கச் சொல்லவும் மாட்டார்கள். இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. காக்காவுக்குப் போன் போட்டேன்.

"அஸர் தொழுதுட்டு வந்துர்றேன்," என்றார். சொன்னபடியே வந்து, இடுப்பில் கைவைத்துப் பந்தலைப் பார்த்தார். "எவ்வளவு அழகா கட்டியிருக்கே! இதைப் போயா பிரிக்கணும்?"

"பிரிக்க வேண்டாம் காக்கா, அப்படியே தூக்குவம்."

தூக்கினோம். நாலடி போனதும் பந்தல் கால் அகட்டிக்கொண்டு குந்திவிட்டது. ஓலை முழுவதும் காக்காவின் தலையில். "யா அல்லாஹ், தங்கச்சி!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. தம்பி சிரித்த சிரிப்பில் எனக்கும் அடக்க முடியவில்லை.

எல்லாவற்றையும் கழற்றினோம். பின்பக்கத்துப் புல்தரையில், வீட்டுச் சுவரிலிருந்து நாலடி தள்ளி மறுபடி நாட்டினோம். ஓலை இடுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று மூத்தவள் நின்று கட்டளை போட்டாள். தம்பி மட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்தான்.

ஐந்து மணிக்கு சேர் வீடியோவில் வந்தார். பண்டிகைக்கு முன் தகப்பன் பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்க வேண்டும். அவர் அங்கிருந்தே கையை நீட்டினார். மூத்தவள் போனுக்கு முன் தலையைக் குனிந்தாள். அவர் முடித்த உடனே, "அப்பா, கலாஸ், போதும், எங்களுக்கு நேரமில்லை, கூரை போடவேணும்," என்று போனை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். தம்பியும் அவள் பின்னால் ஓடினான்.

சேர் போனை வைக்கவில்லை. "பிள்ளைகள் என்னைத் தேடினார்களா?" என்று கேட்டார்.

தேடினார்கள் என்றேன். பொய்யில்லை, காலையில் தேடினார்கள்.

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்த முகம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு பொங்கலுக்கும் போனின் மூலையில் சின்னதாகத் தெரியும் என் முகம்தான் அது.

கடைசி மட்டையைப் போட்டபோது சாயும் வெயில் மதில் உச்சிக்கு ஏறியிருந்தது. காக்கா தண்ணீர் குடித்துவிட்டு மஃரிப் தொழுகைக்குக் கிளம்பினார். மேடம் மேலே விளக்கேற்றினார். மேசையைப் போட்டு, ஒரு மின்விசிறியையும் வைத்து, பிள்ளைகளை உட்காரவைத்தேன். பந்தல் நேராக மேடத்தின் ஜன்னலுக்குக் கீழே வந்திருந்தது. கார் ஷெட்டில் இருந்திருந்தால் அவர் தகரத்தைத்தான் பார்த்திருப்பார். இப்போது ஓலை இடுக்கால் பிள்ளைகளின் தலைகள் அவருக்குத் தெரிந்தன.

திராட்சைச் சாற்றுக் கிண்ணத்தைத் தூக்கி, தகப்பன் சொல்லும் செபத்தை மூத்தவள் சொன்னாள். நடுவில் ஒரு இடத்தில் தடுமாறினாள். மேலே மேடம் எடுத்துக் கொடுக்கப் போனார். வேண்டாம் என்று இவள் கையைக் காட்டிவிட்டு, யோசித்து, தானே சொல்லி முடித்தாள். ஜன்னலிலிருந்து ஆமென் என்று குரல் வந்தது.

நினைத்ததை முடித்துவிட்டேன். சந்தோஷப்பட வேண்டியவள், பாத்திரத்தோடு புல்தரையில் நின்று அழுதேன். தகப்பன் இல்லாமல் இந்தப் பிள்ளை பண்டிகையை நடத்திவிட்டாள். என் பிள்ளையும் அப்படித்தான் பழகியிருப்பாள். ஐந்து வருடமாக அவளை நினைத்து அழுகிறேன் என்றிருந்தேன். பாதி அழுகை எனக்காகத்தான்.

மறுநாள் காலை ஊருக்குப் போன் எடுத்தேன். தையில்தான் மேடத்துக்குப் பிள்ளை பிறக்கும். லீவு கிடைக்குமா என்று தெரியாது. கேட்கவும் இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"இந்தப் பொங்கலுக்கு நான் வாறன் பிள்ளை."

மகள் சொன்னாள்: "வாங்கோ அம்மா. ஆனா பானையில அரிசி நான்தான் போடுவன். நீங்கள் பக்கத்தில நில்லுங்கோ."

"நிக்கிறன்," என்றேன்.