மண் அள்ள வந்த சார்

பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி எங்கள் குப்பத்துக்கு என் சித்தியின் செல்போன் வழியாக வந்து சேர்ந்தது. யாரோ ஒரு பெண் அழுதுகொண்டே பேசும் குரல். முகத்தில் பொடியைத் தூவி மயக்கிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். அந்தப் பெண் யார், எந்த ஊர் என்று சித்தியிடம் ஒருவரும் கேட்கவில்லை. "எனக்கும் அனுப்பு" என்றுதான் கேட்டார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது.

சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடலோரம் எங்கள் வீடு. பள்ளி விடுமுறை. பெரியப்பா மகளான அக்கா எங்களையெல்லாம் சேர்த்துக் காவல் படையாக்கினாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. விளையாட்டு விழாவில் கிடைத்த விசில் ஒன்று அவளிடம் இருந்தது. ஆட்சி செய்ய அது போதும். அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் மாமாவைப் போல எங்களுக்கும் காலை ஷிப்டு, மாலை ஷிப்டு. அலைத் தடுப்புக்குக் கொட்டியிருந்த கருங்கல் துண்டுகளைப் பொறுக்கி, மீன் ஏலக் கொட்டகையின் ஓரத்தில் குவித்து வைத்தோம். முதல் இரண்டு நாள் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

மூன்றாம் நாள் அத்தை மகன், "அப்டி யாரும் வரல, சும்மா புருடா" என்றான். அக்கா அவனை உற்றுப் பார்த்து, "இவனும் அவனுங்க ஆளுதான்" என்றாள். அவனைப் படகுக் கயிற்றில் கட்டிப்போட்டோம். ஒரு மணி நேரம் வெயிலில் அழுதான். முடிச்சுப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவன் அவன்.

மறுநாள் காலை மணலில் ஒருவர் குந்தி உட்கார்ந்து பிளாஸ்டிக் பையில் மண் அள்ளிக்கொண்டிருந்தார். தலையில் ஹெல்மெட். மூக்கும் மீசையும் தெரிந்ததுமே எனக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜீப்பில் வந்து மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, அப்பாவிடம் மீனும் வாங்கிப் போகிற சார். அணுமின் நிலையத்திலிருந்து எதுவும் அவற்றில் கலந்திருக்கிறதா என்று சோதிப்பது அவர் வேலை. நல்ல மீனாகப் பொறுக்காமல், காரப்பொடி என்கிற சின்ன மீன் வரை வகைக்குக் கொஞ்சம் கேட்பார்; அம்மாவுக்கு அதில் பெரிய சிரிப்பு. அன்று ஏனோ ஜீப் இல்லாமல் பைக்கில் வந்திருந்தார்.

"பொடி செய்ய மண்ணு எடுத்துகினு கீறான்" என்ற அக்கா, விசிலை ஊதினாள்.

பதினைந்து பிள்ளைகள் சூழ்ந்ததும் அவர் எழுந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "குட்டிம்மா, அப்பா கடலுக்குப் போயிருக்காரா?"

வீட்டில் மட்டும் கூப்பிடுகிற பெயர் அது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பேரெல்லாம் தெரிஞ்சிகினு வந்துகீறான். உனக்கு இவன் யாருன்னு தெரியுமாடி?" என்றாள் அக்கா.

தெரியும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். படகுக் கயிறு கண்ணில் பட்டது. "தெரியாதுக்கா" என்றேன்.

முதல் கல்லை யார் எறிந்தார்களோ. மூன்றாவதோ நான்காவதோ என்னுடையது. விசில் கேட்டுக் கொட்டகையிலிருந்து பெரியவர்கள் ஓடிவந்தார்கள். தடுக்க வருகிறார்கள் என்று நினைத்தேன், அவர்களும் அடித்தார்கள். அவர் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டே இருந்தார். யாரும் வாங்கிப் படிக்கவில்லை. அவர் காசில் டீ குடித்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ரத்தம் வழிந்த முகம் அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லையா, இல்லை தெரிந்தும் என்னைப் போலத்தானா என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

அப்போதுதான் கரையேறிய அப்பா ஓடிவந்து, "யோவ், நம்ம சாருய்யா இவரு" என்று அவர்மேல் விழுந்து மறைத்தார். அதன் பிறகுதான் கைகள் நின்றன. அப்பாவே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "குட்டிம்மா பயந்துடுச்சு, திட்டாதீங்க" என்று வழியில் சார் சொன்னாராம். அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

மூன்று மாதம் கழித்து அவர் ஜீப்பில் வந்தார். நெற்றியில் தழும்பு. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அத்தை மகனையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். அவர் முதலில் எங்கள் கைகளைப் பார்த்தார். பிறகு அவசர அவசரமாக ஜீப்பின் கண்ணாடியை ஏற்றிவிட்டார். "சார், சார்" என்று தட்டினேன், இறக்கவேயில்லை. கையில் ஒன்றுமில்லாத இரண்டு பிள்ளைகளைப் பார்த்து அவ்வளவு பெரிய மனிதர் எதற்குப் பயப்படுகிறார் என்று எனக்கு அன்று புரியவில்லை.