நல்ல எஞ்சின் வேண்டாம்

யுத்த காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருக்கும் தமிழனுக்குப் பழைய கார் திருத்துகிற ஆசை வரலாமா? எனக்கு வந்தது. ஐம்பதுகளில் செய்த மொறிஸ் மைனர் ஒன்றை, ஓடாத நிலையில் வாங்கிவந்து வாசலில் நிறுத்தினேன். முன்பு வைத்திருந்தவர் தண்ணீர் இல்லாமல் ஓட்டி எஞ்சினைச் சூட்டில் வெடித்துப் பிளக்க வைத்திருந்தார். இனி அது உருக்கத்தான் உதவும் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

வேறு எஞ்சின் தேடிப் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். பழைய உதிரிப்பாகக் கடைகள் அங்கே வரிசையாக இருக்கும். சனிக்கிழமைகளில் ஒவ்வொரு கடையாக ஏறி, என் அரைகுறைச் சிங்களத்தில் விசாரித்தேன். ஜப்பான் எஞ்சின் எத்தனை வேண்டும் என்று கேட்டார்கள். மொறிஸ் என்றதும் சிரித்தார்கள். அதைத் தேடுவதைவிடப் பெண் தேடினால் சீக்கிரம் கிடைக்கும் என்றார் ஒரு கடைக்காரர். எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள்.

கழற்றிய எஞ்சின் விறாந்தையில் எண்ணெய் வடித்துக்கொண்டு கிடந்தது.

"இஞ்சாருங்கோ, ஒண்டில் இந்த வீட்டிலை அது இருக்கட்டும், இல்லாட்டி நான் இருக்கிறன்" என்றாள் மனைவி.

ஒழுங்கையில் தள்ளுவண்டியோடு போன பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டுச் சும்மாவே கொடுத்துவிட்டேன். சனியன் தொலைந்தது என்று அன்று ஆற அமரக் குளித்தேன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் ஒழுங்கையை அடைத்துப் பொலிஸ் சோதனை நடந்தது. அது எங்களுக்குப் புதிதில்லை. அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாவற்றையும் காட்டினோம். அவர்கள் திரும்பிப் போகிற நேரத்தில் சார்ஜன்ட் ஒருவர் காரின் பொனட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே வெறும் பள்ளம்.

"எஞ்சிம கோ?" என்றார். எஞ்சின் எங்கே என்று கேட்கிறார்.

பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். யாருக்கு? பெயர் தெரியாது. எந்த இடத்து ஆள்? கேட்கவில்லை. எவ்வளவுக்கு? சும்மா. சொல்லச் சொல்ல என் கதையை நானே நம்பவில்லை. காரின் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது, எஞ்சினைத்தான் காணவில்லை. அதை வடக்கே இயக்கத்துக்காரரின் படகுக்கு அனுப்பிவிட்டேன் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். இலக்கத்தை மட்டும் ஒரு துண்டில் எழுதிக்கொள்ள விட்டுப் புத்தகத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டார். மறுநாள் பின்னேரத்துக்குள் அந்த எஞ்சினோடு ஸ்டேஷனுக்கு வா, இல்லாவிட்டால் உடுப்புப் பையோடு வா என்றார். பக்கத்து ஒழுங்கையிலிருந்து அப்படிப் பையோடு போனவர் இன்னும் வரவில்லை.

நான் பயந்தேன். இதை வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. மனைவி இரண்டு சாரங்களை மடித்துப் பைக்குள் வைத்தாள். வாய்விட்டு ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும்.

கொழும்பின் பழைய இரும்பெல்லாம் கிராண்ட்பாஸ் பக்கம்தான் போகும் என்று மெக்கானிக் சொன்னார். மறுநாள் விடிந்ததும் அங்கே போய்க் கிடங்கு கிடங்காக அலைந்தேன். யாரைப் பார்த்தாலும் எங்கள் ஒழுங்கைக்கு வந்த தள்ளுவண்டிக்காரர் போலவே இருந்தது. மத்தியானம் கடந்த பிறகு ஒரு முஸ்லிம் முதலாளியின் கிடங்குக்குள் நுழைந்து, நானா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு, மொறிஸ் மைனர் எஞ்சின் தேடுகிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே கூட்டிப்போய் மேலே மூடியிருந்த படங்குத் துணியை இழுத்தார்.

முழு எஞ்சின். ஒரு உறுப்புக் குறைவில்லை. காற்றாடியைக் கையால் சுற்றிக் காட்டினார். வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"மணி மாதிரி சாமான் தம்பி. பெற்றோல் ஊத்தினா இப்பவே ஸ்டார்ட் ஆகும்."

எத்தனை சனிக்கிழமை இதற்காக நாயாய் அலைந்தேன்! எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இது வேண்டாம் நானா. எனக்கு வெடிச்சதுதான் வேணும்."

"தம்பிக்கு சுகமில்லையா?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. வெள்ளவத்தையிலிருந்து வந்த வார்ப்பிரும்பை முந்தாநாளே சம்மட்டியால் உடைத்துவிட்டோமே என்று தலையில் கைவைத்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு உடைத்த இரும்புக் குவியலுக்குள் இறங்கினார். இருவரும் துண்டு துண்டாகப் புரட்டினோம். விரல்கள் வெட்டுப்பட்டு, இரத்தமும் எண்ணெயும் ஒன்றாகின. நேரம் போய்க்கொண்டே இருந்தது. மனைவி மடித்த சாரங்கள்தான் கண்ணுக்குள் நின்றன.

"இந்தா பாருங்க" என்று ஒரு துண்டை நீட்டினார். ஒரு பாண் ரொட்டி அளவு இருக்கும். அதன் பக்கத்தில் இலக்கத் தகடு ஆணியோடு அப்படியே இருந்தது. சட்டைப்பையிலிருந்த கடதாசித் துண்டை எடுத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். அதேதான். அந்த இரும்பைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சாத குறை.

சார்ஜன்ட் அதை மேசையில் வைத்து இலக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். மிச்சம் எங்கே என்றார். உடைத்துவிட்டார்கள் என்றேன். கடைசியில் இரும்புத் துண்டையும் பதிவுப் புத்தகத்தையும் என் பக்கம் தள்ளிவிட்டு, இரும்பைக் காட்டி, இதை எறிந்துவிடாதே, வேறு ஆட்களும் வந்து கேட்பார்கள் என்றார். அக்கறையாகத்தான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த நல்ல எஞ்சினை எடுக்க நான் திரும்பிப் போகவில்லை. அதற்கும் ஓர் இலக்கம் இருக்கும். அது எந்தக் காரிலிருந்து வந்தது, அந்தக் காரின் சொந்தக்காரர் எங்கே என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வது? மொறிஸ் வாசலிலேயே நின்று கறள் பிடித்தது. இரும்புத் துண்டை ஒரு பழைய சாரத்தில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்தோம். அதன் பிறகு யார் கதவைத் தட்டினாலும் மனைவி அடையாள அட்டைகளைத் தேடுவதில்லை. முதலில் குனிந்து அதைத்தான் இழுப்பாள்.