மூன்றாம் கம்பில் நின்றவள்

எல்லே விளையாட்டில் ஓடி வருகிறவள் குறுக்கே நிற்கிறவளை இடிக்கலாமா கூடாதா என்று எங்கள் ஊர் ஒரு கிழமை முழுக்கச் சண்டை பிடித்தது. யுத்தத்துக்கு நடுவிலும் அதற்கெல்லாம் ஆட்களுக்கு நேரம் இருந்தது. நாங்கள் இருந்தது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். வாவிக்கு அந்தப் பக்கம் ஆமி, இந்தப் பக்கம் இயக்கம். வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் படைக்குத் தரவேண்டும் என்று இயக்கம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு எட்டு வயது. அதெல்லாம் பெரியவர்களின் கவலை என்று விட்டுவிட்டு, நான் எல்லேயைப் பற்றி மட்டும் கவலைப்பட்டேன்.

மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு, நட்டு வைத்த மூன்று கம்புகளைச் சுற்றி ஓடி வரவேண்டும். ஓடும்போது பந்தால் எறிந்து உடம்பில் பட்டால் அவுட். பதினைந்து வயது அக்கா எங்கள் பள்ளிக்கூட அணியில் ஓடினாள். ஓட்டமா அது! கட்டறுத்த நாம்பன் மாடு மாதிரிப் போவாள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துடன் நடந்த போட்டியில் மூன்றாம் கம்படியில் ஒரு மெலிந்த பிள்ளை பந்தோடு நின்றாள். அக்கா விலகவில்லை. நேரே போய் இடித்தாள். அந்தப் பிள்ளை குப்புற விழ, பந்து எங்கோ உருள, அக்கா சுற்றி வந்துவிட்டாள். அவ்வளவுதான். அந்த ஊர்ச் சனம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. அடுத்த கிழமை திரும்ப விளையாடுவது என்று முடிவாயிற்று.

வேப்பமரத்தடியில் மோட்டார் சைக்கிளோடு நின்ற இயக்கத்து அக்காமார் இரண்டு பேர் மட்டும் கைதட்டினார்கள். “நல்ல துணிச்சல். ஆரு அந்தப் புள்ள?” என்று ஒருத்தி கேட்டது என் காதில் விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது.

“ஆரும் பேர் சொன்னதா?”

“இல்ல. அதுக்குள்ள சண்டை வந்திட்டு.”

எல்லேயின் தலையும் வாலும் தெரியாத அம்மா மறுநாள் காலையிலேயே பள்ளிக்கூட அதிபரிடம் போய்விட்டார். இடிக்கிறவள் அவுட் என்று சட்டம் வைக்கவேண்டுமாம்! வயல் வட்டையிலிருந்து வந்த அப்பா கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “குறுக்கால நிண்டா இடிபடத்தான் வேணும். உன்ட மகளுக்கு எதிரா நீயே சட்டம் கேக்கிறியா?” என்றார். தேநீர்க் கடையிலும் அதே பேச்சு, கிணற்றடியிலும் அதே பேச்சு. முக்கால்வாசிப் பேர் அக்காவின் பக்கம். அம்மாவிடம் இருந்தது ஒரேயொரு நியாயம்தான்: “அடுத்தவட புள்ளையும் புள்ளதானே.” அதிபர் இறங்கி வந்தார். இடித்தால் அவுட்.

அக்கா சாப்பிடாமல் அழுதாள். எனக்கு அம்மாவைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. போட்டியன்று காலை அம்மா அக்காவின் தலையைப் பின்னிவிட்டபடி, “விலகி ஓடு. முட்டினியெண்டா வீட்டுப் பக்கம் வராத” என்றார். அப்படிக் கடுமையாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

கடைசி ஓட்டம். அக்கா சுற்றி வந்தால் எங்களுக்கு வெற்றி. மூன்றாம் கம்படியில் அதே மெலிந்த பிள்ளை, முழங்கையில் கட்டு, கையில் பந்து. எங்கள் ஆட்கள் சட்டத்தை மறந்து “இடி! இடி!” என்று கத்தினார்கள். அக்கா பாய்ந்து வந்தாள். வந்தவள் காலை ஊன்றி, புழுதியில் சறுக்கி, ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டாள். அந்தப் பிள்ளை கண்கூட இமைக்கவில்லை. ஆற அமரப் பந்தை அக்காவின் தோளில் எறிந்தாள். தோற்றோம். எங்கள் சனம் முழுக்கத் தலையில் கைவைத்தபோது அம்மா மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

மோட்டார் சைக்கிள்காரிகள் அன்றும் வந்திருந்தார்கள். எங்களுக்குப் பின்னால்தான் நின்றார்கள். “அண்டைக்கு இடிச்சவளா இவள்? பயந்திட்டாளே” என்றாள் ஒருத்தி. மற்றவள் மூன்றாம் கம்பைக் காட்டினாள். “அவளப் பாரு, அசையவே இல்ல. எந்த ஊராம்? விசாரிக்க வேணும்.”

அம்மாவின் சிரிப்பு நின்றது. பிறகு மைதானத்தைக் குறுக்கே கடந்து பக்கத்து ஊர்ச் சனத்துக்குள் போனார். வென்றவர்களோடு சண்டைக்குத்தான் போகிறார் என்று நானும் பின்னால் ஓடினேன். அந்தப் பிள்ளையின் தாயை விசாரித்துப் பிடித்து, ஒதுக்கிக் கொண்டுபோய், காதுக்குள் என்னவோ சொன்னார். அந்த மனிசி மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, செருப்பைக்கூடத் தேடாமல் வயல் வரம்பில் இறங்கி நடந்தார். கோப்பை கொடுக்கக் கூப்பிட்டபோது அந்தப் பிள்ளை இல்லை.

எனக்கு அப்படியொரு சந்தோசம். எங்கள் அம்மா சட்டம் பேசியே அவளைக் கோப்பை வாங்கவிடாமல் விரட்டிவிட்டார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். வீட்டிலும் ஒருநாள் அம்மாவிடமே அதைச் சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

“ஓம் புள்ள,” என்றார் அம்மா, “விரட்டத்தான் போன நான்.”