காலைப் பேப்பர் செல்வராசு

செல்வராசு போய்விட்டான்... சற்று முன்தான் விருத்தாசலத்திலிருந்து போன் வந்தது. மாரடைப்பாம்.

"எப்போ? எங்கே? யார் சொன்னது?" என்று வரிசையாகக் கேட்டேன். நிருபர் புத்தி... கேட்டு முடித்த பிறகுதான் அழுகை வந்தது.

தெரியாத நண்பர்களுக்கு: இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் நான் ஒரு மாலைப் பேப்பருக்கும், அவன் ஒரு காலைப் பேப்பருக்கும் பகுதிநேர நிருபர்கள். பேப்பர்கள் இரண்டுக்கும் ஜென்மப் பகை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே டீக்கடை பெஞ்ச்.

அப்போது எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் செய்தி எழுதுவான், கார்பன் காப்பி மற்றவனுக்கு. அப்படியே ஃபேக்ஸில் போய்விடும்.

பக்கத்து பெஞ்சில் யாராவது இரண்டு பேப்பரையும் பிரித்து வைத்துக்கொண்டு, "ரெண்டுலயும் வந்திருக்குது, அப்ப உண்மைதான்" என்பார்கள். நாங்கள் டீயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்போம்.

முக்கியமானதை முதல் வரியில் எழுது, இடம் போதாவிட்டால் கீழிருந்துதான் வெட்டுவோம் என்று பேப்பர் ஆபீஸ் டெஸ்க்கில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். வெட்டுப்படுவது எப்போதும் "கலந்துகொண்டனர்" என்று முடியும் பெயர் வரிசைதான்.

ஒரு பள்ளிக்கூட விழாச் செய்தியில் தன் பெயர் வரவில்லை என்று கம்மாபுரத்திலிருந்து ஒருத்தர் பைக்கில் சண்டைக்கே வந்துவிட்டார். செல்வராசு அவரை உட்காரவைத்து, வடை வாங்கிக் கொடுத்து அனுப்பினான்.

அப்புறம் என்னிடம் புலம்பினான். "மேலேருந்து எழுதுன்றாங்க... நம்ம ஊருல எல்லாரும் கீழேருந்துதான்யா படிக்கிறாங்க!"

அவனைத் தூங்கவிடாமல் அடித்த சங்கதி ஒன்று உண்டு.

ஒரு புதன்கிழமை. பராமரிப்பு வேலைக்காக மறுநாள் கரண்ட்டை நிறுத்தப்போகிறார்கள் என்று தகவல். நான் "நாளை மின்நிறுத்தம்" என்று எழுதி, வழக்கம்போல் கார்பனை நீட்டினேன்.

என் பேப்பர் அன்று மாலையே கடைக்கு வந்துவிடும். அவனுடையது வியாழன் காலையில்தான் வரும். அதில் "இன்று" என்று மாற்றியிருக்க வேண்டும்... செல்வராசு ஐயா அப்படியே அனுப்பிவிட்டார்.

செராமிக் தொழிற்பேட்டையில் லூர்து மேரி அக்கா சின்னதாகப் பீங்கான் பொம்மைச் சூளை வைத்திருந்தார். வியாழன் காலை பேப்பரைப் பார்த்தவர், நாளைக்குக் கரண்ட் இல்லையென்றால் இன்றைக்கே சுட்டு முடித்துவிடலாம் என்று அவசரமாகச் சூளையைப் பற்றவைத்தார்.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. சூளைக்குக் காற்று ஊதும் மோட்டார் நின்றது. உள்ளே பிள்ளையார், மாதா, கிளி, யானை... எல்லாம் சரியாக வேகாமல் வீண்.

மறுநாள் அக்கா டீக்கடைக்கே வந்துவிட்டார். கையில் நிறம் கெட்ட ஒரு பிள்ளையார்.

"உங்க பேப்பர நம்பித்தான் தம்பி பத்தவச்சேன். இனிமே எங்க வூட்டுக்கு அது வேணாம். பேட்டையில யாரும் வாங்காதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவன் முகம் செத்துப்போயிற்று. திட்டு வாங்கிப் பழகினவன்தான்... ஆனால் அவன் அனுப்பியதை நம்பினதால் ஒருத்தருக்கு நஷ்டம் என்பது அதுதான் முதல் தடவை.

திருத்தம் போடச் சொல்லி டெஸ்க்குக்கு ஃபேக்ஸ் அனுப்பினான். வரவில்லை. திரும்ப அனுப்பினான். "எவன் ஞாபகம் வச்சிருக்கப் போறான், விடுய்யா" என்றார்கள். நான் அவனைக் கேலி செய்வதைக்கூட நிறுத்திவிட்டேன்.

அடுத்த மின்நிறுத்த அறிவிப்பு வந்தபோது கார்பன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவனே எழுதினான். முதல் வரி இப்படி:

"சென்ற முறை மின்நிறுத்த நாளைத் தவறாக எழுதியதற்குச் சூளைக்காரர்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டு, வரும் சனிக்கிழமை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை விருத்தாசலத்தில் மின்சாரம் இருக்காது எனத் தெரிவிக்கப்படுகிறது."

டெஸ்க்கில் யாருக்கு என்ன அவசரமோ... வழக்கப்படி கீழே நாலு வரியை வெட்டிவிட்டு, மேலே பார்க்காமல் அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள்!

வெள்ளிக்கிழமை காலை அது பேப்பரில். கொஞ்ச நேரத்தில் டெஸ்க்கிலிருந்து போன். "யாரக் கேட்டுய்யா வருத்தம் தெரிவிச்ச?"

"தப்பு பண்ணது நான்தான் சார்... அதான் நானே வருத்தப்பட்டுக்கிட்டேன்" என்றான். எனக்கு டீ புரையேறிவிட்டது.

அத்தோடு விடவில்லை. ஒரு கட்டு பேப்பரை மொபெட்டில் வைத்துக்கொண்டு பேட்டை முழுக்க அவனே போட்டுவிட்டு வந்தான். அக்கா வாங்கிப் படித்துவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

சனிக்கிழமை விடிந்ததும் என்னை இழுத்துக்கொண்டு பேட்டைக்குப் போனான். ஒரு புகைபோக்கியிலும் புகை இல்லை. அக்கா வாசலில் ஸ்டூல் போட்டு பொம்மைகளுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

செல்வராசு கொட்டகைக்குள் ஓடிய ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்பது மணி ஆயிற்று. ஃபேன் ஓடியது. இவனுக்கு வேர்த்துக் கொட்டியது. "யோவ்... நிறுத்தலன்னா என் கதி என்னய்யா?"

அப்புறம் மெல்ல மெல்லச் சுற்றி, நின்றது.

"போயிடுச்சுக்கா! கரண்ட்டு போயிடுச்சு!" குதிக்காத குறை.

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி சரி... திங்கக்கிழமையிலேருந்து பேப்பர் போடச் சொல்லுங்க தம்பி" என்றார்.

கரண்ட் போனதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போயிட்டு வாய்யா, செல்வராசு...