தனித்தொட்டியில் இருந்த ஆண் மாகுர்

கல்கத்தாவில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மாகுர் மீன் குழம்புதான் மருந்து. மாகுர் என்றால் மீசை வைத்த நாட்டுக் கெளுத்தி. மனிதனுக்கு மருந்தானதே அதற்கு எமனாகிவிட்டது. ஆறு குளங்களில் அருகிப்போன அந்த மீனைத்தான் டாலிகஞ்ச்சில் ஓர் அறக்கட்டளையின் சிமெண்ட் தொட்டிகளில் குஞ்சு பொரிக்க வைக்கிறேன்.

இந்த வேலையில் ஒரு கொடுமை உண்டு. பெண் மீனுக்கு ஹார்மோன் ஊசி போட்டு, மறுநாள் வயிற்றை அழுத்தினால் முட்டை வரும். ஆணை எவ்வளவு அழுத்தினாலும் விந்து வராது. வெட்டித்தான் எடுக்கவேண்டும், அதுவும் முட்டை வந்த கையோடு. போன மழைக்காலத்தில் எங்களிடம் மிஞ்சிய முதிர்ந்த ஆண் ஒன்றே ஒன்று. அதைத் தனித்தொட்டியில் விட்டு, ‘கலப்பில்லாத நாட்டு மாகுர், அழிந்துவரும் இனம்’ என்று வங்காளத்தில் பெரிதாக எழுதி மாட்டியிருந்தேன்.

பெண்ணுக்கு ஊசி போட்ட மறுநாள் காலை வந்து பார்க்கிறேன், தனித்தொட்டி காலி. அறக்கட்டளைச் செயலாளரின் மாமியார் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருக்கிறாராம். மனிதர் மீனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். காளிகாட் சந்தையில் மாகுருக்கா பஞ்சம்? அங்கே ஆப்பிரிக்கக் கெளுத்திக் கலப்பு இருக்குமாம்! நான் மாட்டிய பலகையே மீனுக்குச் சிபாரிசு ஆகிவிட்டது.

போனில் கத்தினேன். “காட்டாயி தோ ஹோதோ, திதி!” என்றார் சிரித்துக்கொண்டே. எப்படியும் வெட்டப்போகிற மீன்தானே அக்கா என்று அர்த்தம். நான் வெட்டினால் ஆயிரக்கணக்கில் குஞ்சு. அவர் வெட்டினால் ஒரு கிண்ணம் குழம்பு. இந்த வித்தியாசம் தெரியாதவர்தான் மேடைக்கு மேடை மீன்வளம் காப்போம் என்று முழங்குகிறார்.

முட்டை யாருக்காகக் காத்திருக்கும்? உள்ளேயே விட்டால் பெண்ணும் செத்துவிடும். அழுத்தி எடுத்துத் தட்டில் பரப்பினேன். அத்தனையும் வெளுத்துச் செத்தன. வீட்டுக்காரரிடம் புலம்பினால், “அவர் சொல்றதும் நியாயந்தானே, நீ மட்டும் அத மடியில வச்சுக் கொஞ்சவா போற?” என்கிறார். அன்று அவருக்குக் காபி கிடையாது.

இந்த வருடம் நாலைந்து ஆண் மீன்கள் தேறியிருக்கின்றன. பழைய பலகையைக் கழற்றிவிட்டு, ‘நோய் கண்ட மீன், சாப்பிட்டால் வாந்திபேதி’ என்று எழுதி மாட்டினேன். செயலாளர் இப்போது தூரத்திலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, மருந்து போட்டாயிற்றா என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போகிறார்.