டயருக்கு ரேகை பார்க்கிறவள்

அந்த ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. வண்டியைக் கொண்டுவருகிறவர் இறங்கி, சுவரோரம் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொள்ள வேண்டும். என்ன கோளாறு என்று சொல்லக் கூடாது. ஷெட்டுக்காரி முதலில் நாலு டயரையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் மனிதர்கள் பேசலாம்.

"நீங்க முதல்ல சொல்லிட்டா, என் கை நீங்க சொன்னதையே தேடும். டயர் சொல்லட்டும், அப்புறம் நீங்க சொல்லுங்க" என்பாள்.

டயருக்கு ரேகை பார்க்கிறாள் என்று யாரோ கிண்டலாகச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது எல்லோருக்கும் அவள் ரேகைக்காரிதான். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போய்விட்டது.

டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் மட்டும் வழித்துவிட்டது போல் இருந்தால் சக்கரம் சாய்ந்து நிற்கிறது. அங்கங்கே குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சர்பர் போய்விட்டது, சக்கரம் ரோட்டில் ஓடாமல் குதித்துக்கொண்டு போகிறது. இதெல்லாம் கண்ணுக்கே தெரியும். ஆனால் சில டயர்கள் பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும். உள்ளே இருந்து வெளியே தடவினால் வழவழப்பு, வெளியே இருந்து உள்ளே தடவினால் ரம்பப் பல். அப்படி இருந்தால் முன்சக்கரங்கள் இரண்டும் நேராகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். "ரெண்டும் சண்டை போட்டுக்கிட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு ஓடுதுங்க" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவாள்.

ஒருமுறை ஒரு வக்கீல் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து வாயை அடக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ரேகைக்காரி டயர்களின் தோள்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, வளைவுகளில் அவர் பிரேக்கைத் தொடுவதே இல்லை என்றாள். அவர் தாம் மிக நிதானமாக ஓட்டுகிறவர் என்று வாதாட ஆரம்பித்தார். அரை மணி நேரம் வாதாடிய பிறகு, காரை ஓட்டுவது பெரும்பாலும் தன் மாமியார்தான் என்று ஒப்புக்கொண்டார்.

அவளுக்கு இந்தக் கை டயரால் வந்ததல்ல. பத்து வருஷம் ஒரு தையல் ஆலையில் சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை பார்த்தவள். சட்டையை உள்பக்கம் திருப்பி, தையலின் மேல் உள்ளங்கையை ஓடவிட்டால் எங்கே நூல் இழுத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆலையை மூடினார்கள். பக்கத்துத் தெருவில் வீல் அலைன்மென்ட் பார்க்கும் இடத்தில் வரிசைச் சீட்டு கொடுக்க ஆள் தேடினார்கள். போய்ச் சேர்ந்தாள். மூன்றாம் நாள், வேலையில்லாத நேரத்தில், நின்றிருந்த ஒரு காரின் டயரைப் பழக்கதோஷத்தில் தடவினாள். "இதுல தையல் இழுத்திருக்கு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அங்கே இருந்த மெக்கானிக்குகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு காரை எந்திரத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது.

இப்போது ஷெட் அவளுடையது. தகரக் கூரை, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க ஒரு பள்ளம், ஒரு அலைன்மென்ட் எந்திரம், ஒரு பேலன்ஸ் எந்திரம், நாலு ஜாக்கி. சுவர்கள் மட்டும் கல்யாண மண்டபம் போலப் பளபளக்கும். அவள் கணவர் பெயிண்டர். அவர் எதற்கும் மூன்று கோட்டு அடிக்காமல் விடமாட்டார். ஒரு கோட்டு அடித்தால் அது பொய், இரண்டு கோட்டு அடித்தால் சால்ஜாப்பு, மூன்று கோட்டு அடித்தால்தான் பெயிண்ட் என்பது அவர் கட்சி. வீட்டில் அம்மிக்கல் ஒன்றுதான் அவர் தூரிகைக்குத் தப்பியது என்று அவருடைய தங்கை சொல்வாள்.

அந்தத் தங்கையால்தான், அதாவது ரேகைக்காரியின் நாத்தனாரால்தான், இந்தக் கதை.

நாத்தனார் பன்னிரண்டு வருஷம் பிறருடைய சரக்கு வண்டியை ஓட்டினாள். ரொட்டி ஏற்றுவாள், தண்ணீர்க் கேன் ஏற்றுவாள், ஒருமுறை நாற்பது தையல் எந்திரங்களை ஏற்றிக்கொண்டு போனாள். பேசாத சரக்கை ஏற்றி ஏற்றி அலுத்துவிட்டது, பேசுகிற சரக்கை ஏற்ற வேண்டும் என்பது அவள் ஆசை. போன மாதம் சொந்தமாக ஒரு பழைய வேன் வாங்கினாள். ஒரு பள்ளிக்கூடம் பதினாலு பிள்ளைகளின் ரூட்டைத் தருவதாகச் சொன்னது. பிள்ளைகள் ஏறும் பதினாலு இடங்களையும் அவள் பாட்டுப் போல மனப்பாடம் செய்துவைத்திருந்தாள்.

வீடே கொண்டாடியது. அண்ணி தன் பங்குக்குச் சனிக்கிழமை முன்பக்கம் இரண்டு புது டயர் மாட்டிக் கொடுத்தாள். அண்ணன் தன் பங்குக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேனோடு உட்கார்ந்துவிட்டார். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் வேனின் உடம்பு முழுக்க மஞ்சள், முன்சக்கர ரிம்கள் வெள்ளி போல மின்னின. பின்சக்கரங்கள் அடுத்த ஞாயிறு என்றார்.

செவ்வாய்க்கிழமை பள்ளியின் வாகனப் பொறுப்பாளர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். தெருக்களில் வேன் அழகாகப் போனது. பெரிய ரோட்டுக்கு வந்து முள் அறுபதைத் தொட்டதும் ஸ்டியரிங் குளிர்காய்ச்சல் கண்டது போல நடுங்கியது. நாத்தனாரின் வளையல்கள் கலகலவென்று ஆடின. பொறுப்பாளர் கோபிக்கவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

"திங்கட்கிழமை காலையில மறுபடி வர்றேம்மா. அப்பவும் ஆடினா ரூட்டை வேற வண்டிக்குத்தான் குடுக்கணும். பிள்ளைங்க விஷயம், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

நாத்தனார் நேராக ஷெட்டுக்கு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, சட்டப்படி வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கண்ணில் தண்ணீர் நிற்பதை எந்தச் சட்டம் தடுக்கும்? ரேகைக்காரி டயர்களைத் தடவினாள். கைக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை. முன் டயர் இரண்டும் புதுசு. தேய்ந்தால்தானே பேசும்.

ஸ்டியரிங் ஆடினால் முன்சக்கரம், சீட் ஆடினால் பின்சக்கரம், பிரேக் போட்டால் மட்டும் ஆடினால் பிரேக் தட்டு. இது முன்சக்கரம் என்பதில் சந்தேகமில்லை. இரண்டையும் கழற்றி பேலன்ஸ் எந்திரத்தில் சுற்றவிட்டு, கனம் குறைந்த பக்கத்தில் ஈயத்துண்டு ஒட்டி மாட்டினாள். ஓட்டிப் பார்த்தார்கள். வளையல்கள் ஆடின.

புதன்கிழமை முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டாள். டயரில் கோளாறு என்றால் ஆட்டமும் டயரோடு பின்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஸ்டியரிங்கிலேயே குடியிருந்தது. ஆகவே டயர் குற்றவாளி இல்லை. பழையபடி மாற்றிப் போட்டாள். வியாழக்கிழமை மறுபடியும் சக்கரங்களைக் கழற்றி, ஸ்டியரிங் மூட்டுகளையும் பேரிங்கையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். எல்லாம் கல்லுப்போல இருந்தன. ஒரே ஒரு விஷயம் மட்டும் இடித்தது. அவள் இறுக்கிய நட்டுகள் மறுமுறை கழற்றும்போது கொஞ்சம் இளகியிருந்தன. தன் கையில் தெம்பு குறைந்துவிட்டதோ என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த மூன்று நாளும் கணவர் எதையோ சொல்ல வாயெடுத்துக்கொண்டே இருந்தார். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, "அந்த முன்சக்கரத்துல ஞாயித்துக்கிழமை நான்..." என்று தொடங்கினார். அவள் கையை உயர்த்தி நிறுத்திவிட்டாள். புதன்கிழமையும் நிறுத்தினாள். வியாழக்கிழமை அவர் வாயைத் திறந்ததுமே பெஞ்சைக் காட்டினாள். அவரும் நல்ல பிள்ளையாகப் போய் உட்கார்ந்துகொண்டார். வெள்ளிக்கிழமை அவளுக்கு வேறு வண்டிகளில் கை ஓடவில்லை. ஒரு காருக்குக் காற்று அடித்துவிட்டு அதே காருக்கு மறுபடியும் அடிக்கப் போனாள்.

அன்று மாலை வீட்டில் நாத்தனார் விளையாட்டாகத்தான் கேட்டாள். "அண்ணி, பேசாம நான் ஐம்பத்தஞ்சுலயே ஓட்டிடவா? வளையலும் ஆடாது, பிள்ளைங்களும் ரெண்டாவது பீரியடுக்குப் போய்ச் சேந்துரும்." எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ரேகைக்காரி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம் ரேகைக்காரி வேனின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினாள். ஒரு சாக்பீஸை எடுத்து, முக்காலியின் மேல் கையை ஊன்றி, ரிம்மின் ஓரத்துக்கு மயிரிழை தூரத்தில் பிடித்துக்கொண்டு நாத்தனாரைச் சக்கரத்தைச் சுற்றச் சொன்னாள். நேராகச் சுற்றும் சக்கரமாக இருந்தால் சாக்பீஸ் எங்கும் படாது, அல்லது எங்கும் படும். இது ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு இடத்தில் பட்டு, சின்னதாக ஒரு வெள்ளைக் கோடு போட்டது. சக்கரம் வாத்து நடை நடந்தது.

எந்திரத்தில் நேராகச் சுற்றிய சக்கரம் வேனில் மாட்டினால் ஏன் வாத்து நடை நடக்க வேண்டும்? அப்படியென்றால் சக்கரத்துக்கும் வேனுக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது. ஐந்தாவது முறையாகச் சக்கரத்தைக் கழற்றினாள். உள்ளே சக்கரம் போய் உட்காரும் வட்டமான முகம், மெக்கானிக்குகள் ஹப் என்று சொல்வது, வெள்ளியாகப் பளபளத்தது. அதை அவள் நாலு முறை பார்த்திருக்கிறாள். புது வண்டி மாதிரி இருக்கிறதே என்று சந்தோஷமும் பட்டிருக்கிறாள். ஆனால் தொடவில்லை. அவள் கை டயருக்குப் போகும், ஹப்புக்குப் போவதில்லை.

இப்போது உள்ளங்கையை வைத்தாள்.

மேலே வழவழப்பு. கீழே வர வர ஒரு மேடு. அதற்குக் கீழே வழிந்து காய்ந்த ஒரு துளி, அதன் பக்கத்தில் இன்னொன்று. இந்த மேட்டை அவள் கைக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக் கதவில் தெரியும், ஜன்னல் கம்பியில் தெரியும், தண்ணீர்த் தொட்டியின் மூடியில் தெரியும். அவள் குனிந்தபடியே கூப்பிட்டாள்.

"என்னங்க. கொஞ்சம் இங்க வாங்க."

சாப்பாட்டுத் தூக்கோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவர் எழுந்து வந்தார்.

"இதுல எத்தனை கோட்டு?"

"மூணு" என்றார் அவர், மார்பை நிமிர்த்திக்கொண்டு. "சக்கரத்தைக் கழட்டித்தான் அடிச்சேன், பிரேக் தட்டுக்கு மட்டும் காகிதம் சுத்திட்டேன். அதுல பெயிண்ட் படக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? அதைத்தானே செவ்வாய்க்கிழமையிலேருந்து சொல்ல வர்றேன், சக்கரத்தைக் கழட்டி மாட்டுறப்போ பெயிண்ட் உரிஞ்சுடாம பாத்துக்கன்னு."

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். "உள்ள இருக்கிறதை யாருண்ணே பாக்கப் போறாங்க?" என்று கேட்டாள்.

"நான் பாப்பேன்ல" என்றார் அவர்.

ரேகைக்காரிக்கு முதலில் வந்தது கோபமா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு அவருக்குப் புரியும்படி சொன்னாள். இரும்பும் இரும்பும் முகத்தோடு முகம் ஒட்டி உட்கார வேண்டிய இடம் அது. நடுவில் மேடும் பள்ளமுமாகப் பெயிண்ட் இருந்தால் சக்கரம் ஒருக்களித்து உட்காரும். ஓட ஓடப் பெயிண்ட் நசுங்கும், நட்டு இளகும். இளகிய நட்டு கழன்றால் ஆட்டத்தோடு போகாது, சக்கரமே போய்விடும். அவர் முகம் சுண்டிவிட்டது. தங்கையின் பக்கம் திரும்பவே இல்லை.

"நீங்க செஞ்சது அரைத் தப்பு" என்றாள் அவள். "மீதி அரை என்னோடது. வண்டியில என்ன வேலை பாத்தீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா செவ்வாய்க்கிழமையே முடிஞ்சிருக்கும். சொல்ல வந்தவரையும் பெஞ்சுல உக்கார வெச்சேன்."

அவர் பையிலிருந்து தன் சுரண்டும் தகட்டையும் உப்புத்தாளையும் எடுத்தார். மூன்று கோட்டையும் அவரே சுரண்டினார். வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்துவிட்டு, நகத்தால் ஒருமுறை கீறிப் பார்த்தார். அடிப்பதில் எவ்வளவு சுத்தமோ சுரண்டுவதிலும் அவ்வளவு சுத்தம். ரேகைக்காரி ஹப்பைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினாள். அடுத்த பக்கத்துக்கு அவர் தகட்டோடு தானாகவே போனார். அவள் சக்கரங்களை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக இறுக்கினாள். சாக்பீஸைப் பிடித்தாள். எங்கும் படவில்லை.

மூன்று பேரும் வேனில் ஏறிப் பெரிய ரோட்டுக்குப் போனார்கள். அறுபது. அறுபத்தைந்து. எழுபது. வளையல்கள் வாயே திறக்கவில்லை. நாத்தனார் திரும்பி வரும்போது பதினாலு நிறுத்தங்களின் பெயரையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். அண்ணன் ஒவ்வொரு பெயருக்கும் "ஏறிட்டோம், போலாம்" என்று குரல் கொடுத்தார். ஷெட்டுக்குள் வந்ததும் ரேகைக்காரி நட்டுகளை மறுபடி பிடித்துப் பார்த்தாள். ஒன்றுகூட அசையவில்லை.

திங்கட்கிழமை காலை பொறுப்பாளர் ஷெட்டுக்கே வந்தார். முன் சீட்டில் உட்கார்ந்து, பெரிய ரோட்டில் எழுபது வரை போகச் சொன்னார். திரும்பி வந்தபோது கையெழுத்துப் போட்ட தாளோடு இறங்கினார். வேன் நிற்கும் முன்பே போட்டுவிட்டார், எழுத்து கோணவில்லை. நாளையிலிருந்து வரலாம் என்றார். நாத்தனார் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அவர் போகும்போது வேனை ஒருமுறை சுற்றி வந்தார். முன்சக்கரங்களைப் பார்த்தார், பின்சக்கரங்களைப் பார்த்தார்.

"முன்னாடி இவ்வளவு அழகா பண்ணியிருக்கீங்க. பின்னாடியும் பெயிண்ட் அடிச்சா நல்லா இருக்குமே" என்றார்.

பெயிண்டர் மூச்சுக்கூட விடாமல் மனைவியைப் பார்த்தார். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடிக்கலாம்" என்றாள் ரேகைக்காரி. "வர்ற ஞாயித்துக்கிழமை. சக்கரத்தைக் கழட்டாம."

அதற்குள் ஒரு கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் சட்டம் தெரிந்தவர். இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டார். ரேகைக்காரி நாலு டயரையும் தடவினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே அவர் எதிரில் வந்து நின்றாள்.

"இப்ப நீங்க சொல்லுங்க. போன ஞாயித்துக்கிழமை இந்த வண்டியை யாராவது ஆசையா தொட்டாங்களா?"