கண்ணில் வைத்துத் தைத்த சவ்வு

பேய், முனி என்று யார் பேச்செடுத்தாலும் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முனி பூசைக்குப் போவதுகூட கறிச்சோற்றுக்காகத்தான். இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஹட்டனுக்கு மேலே எங்கள் தோட்டம். தேயிலைச் செடியை மட்டமாகக் கவ்வாத்து வெட்டும்போது குச்சி ஒன்று தெறித்து வலது கண்ணில் அடித்தது. நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் கண்ணுக்கு எது வந்தாலும் முதல் வைத்தியம் தாய்ப்பால்தான். பக்கத்துக் காம்பிராவில் பிள்ளை பெற்றிருந்த பெண்ணிடம் வாங்கி வந்து என் மனைவி செல்வி விட்டாள், நானும் சரியாகிவிடும் என்று கிடந்தேன். கருவிழியில் வெள்ளையாகப் புண் வைத்து, வலியில் கத்த ஆரம்பித்த பிறகுதான் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு விட்டு அவர்களே அலுத்துப்போனார்கள், புண் அசையவில்லை. கடைசியில் புண்ணைச் சுரண்டி, மேலே ஒரு சவ்வு வைத்துத் தைத்தார்கள். அதுவும் பிடிக்காவிட்டால் கண்ணையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

என்ன சவ்வு என்று தமிழ் நர்ஸிடம் கேட்டேன். “பிள்ளை வயித்துக்குள்ள இருக்கும்போது சுத்தி இருக்குமே, அந்தச் சவ்வுங்க. பிரசவத்துல எடுத்து சுத்தம் பண்ணி வச்சிருப்பாங்க. புண்ண ஆத்திட்டுத் தானா கரைஞ்சிரும்,” என்றார்.

செல்விக்கு முகம் வெளிறிவிட்டது. எங்கள் பக்கம் நஞ்சுக்கொடியை அந்தச் சவ்வோடு சேர்த்து லயத்துக்குப் பின்னால் புதைத்து, நாய் தோண்டாமல் கல் வைத்து, அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போவார்கள். “பொதைக்க வேண்டியத கண்ணுல வச்சுத் தச்சிட்டாங்களேங்க,” என்றாள். நான் அவளைக் கேலி செய்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு பகல், அதிசயமாக வெயில் அடித்தது, வாசலில் உட்கார்ந்து நல்ல கண்ணையும் மூடினேன். கட்டுப் போட்ட கண்ணில் வெளிச்சமே வரக் கூடாது, ஆனால் சிவப்பாகத் தெரிந்தது. அந்தச் சிவப்பின் மேல் வெளியே இருந்து ஒரு கை பதிந்தது. பெண்ணின் கை, உள்ளங்கை ரேகைகூடத் தெரிந்தது. நல்ல கண்ணைத் திறந்தால் யாருமில்லை, மூடினால் கை. முதலில் வயிற்றைத் தடவுகிற மாதிரி மெதுவாகத் தடவியது, அப்புறம் எதையோ காணாமல் அங்குமிங்கும் அழுத்தித் தேட ஆரம்பித்தது. பயத்தில் கட்டைப் பிய்க்கப் போனேன்.

அப்போதுதான் கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து வந்த செல்வி பாய்ந்து என் கைகளைப் பிடித்தாள். “பிச்சீங்கன்னா கண்ணு போயிரும்ங்க.” பிறகு என் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. “என்னங்க, கட்டுக்குள்ள என்னமோ பொரளுது.”

அவள் பார்த்தாள், நம்பினால் நம்புங்கள். அப்படியும் கையை விடவில்லை. வெயில் வந்த நாளெல்லாம் நான் சின்னப் பிள்ளை போல அழுதேன், அவள் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

கண் பிழைத்தது. புண் ஆறிவிட்டது, சவ்வு முழுக்கக் கரைந்துவிட்டது, ஒன்றும் மிச்சமில்லை என்று டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். செல்வியும் நிம்மதியாக இருக்கிறாள், அதனால் இதை அவளிடம் சொல்லவில்லை. இன்றைக்கும் வெயிலில் கண்ணை மூடினால் அந்தச் சிவப்பில் ஒரு கை தெரிகிறது. இது அந்தப் பெண்ணின் கை இல்லை, பச்சைப்பிள்ளையின் சின்னக் கை. ரேகை தெரியவில்லை, புறங்கையும் பொடி நகங்களும்தான் தெரிகின்றன. கண்ணுக்குள்ளே, என் பக்கம் இருந்து வெளியே தள்ளுகிறது.